பேனா அளந்த அளவு

சாலைக் கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான பலசரக்குக் கடை ஒன்று உண்டு. நான்காவது தலைமுறையாக நடக்கிற கடை. சென்ற மாதம் காயம் வாங்கப் போயிருந்தபோது, மச்சில் பழைய சாக்குகளைத் தள்ளுகையில் கிடைத்ததென்று அண்ணாச்சி ஒரு பேரேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஏடு. அவருடைய பாட்டனாரின் தகப்பனார் எழுதிய கணக்காம்.

"சார், இதிலே என்ன எழுதியிருக்குன்னு பாருங்களேன். படிச்சவங்கதானே" என்றார்.

நான் படித்தது டிப்ளமா. அதுவும் சிவில். பேரேட்டைப் புரட்டினால் பக்கம் முழுக்கத் தமிழ் இலக்கங்கள். கொல்லம் ஆண்டு தெரிந்தது. பணம், சக்கரம், காசு என்று திருவிதாங்கூர் நாணயங்கள் தெரிந்தன. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்பது என் பாட்டி சொல்லி எனக்குத் தெரியும். ஆனால் மா, காணி என்று கீழ்வாயிலக்கக் குறிகள் வந்ததும் நின்றுவிட்டேன். அதற்குள் அண்ணாச்சியின் மகள் தேநீரோடு வந்தாள். தமிழில் எம்.ஏ. முடித்தவள். எந்தப் பல்கலைக் கழகம் என்பது இங்கே தேவையில்லை. "இதோ, தமிழ் படித்த பிள்ளையே வந்தாச்சு" என்று ஏட்டை அவளிடம் தள்ளினேன்.

அவள் இரண்டு பக்கம் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "மாமா, சுவடியியல் எனக்கு ஒரு பேப்பரே உண்டு. எண்பத்திரண்டு மார்க். ஆனா சுவடி ஒண்ணைக்கூடக் கையிலே தொட்டதில்லை. சுவடியியல் பத்தின புஸ்தகத்தைத்தான் படிச்சோம்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லுகிற பிள்ளை. பிறகு அவளே தன் பாடத்திட்டப் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினாள். அந்தப் பேப்பரின் தலைப்பில் 'கற்றல் விளைவுகள்' என்று ஐந்து வரி. அவற்றில் ஒன்று, பழைய எழுத்துக்களையும் இலக்கங்களையும் படிக்கும் திறன் பெறுவர் என்பது. துறையின் கணக்குப்படி அந்த விளைவு எய்தப்பட்டதாகிவிட்டது. மூன்றுக்கு மூன்று.

இதைப் பற்றித்தான் நம் சங்கத்து அன்பர்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன். பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கற்றல் விளைவு என்கிற சரக்கு எங்கள் என்ஜினீயரிங் பக்கத்திலிருந்து உங்கள் பக்கம் வந்தது என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். விதை அமெரிக்காவில் விழுந்தது. பெஞ்சமின் புளூம் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1956-ல் கல்வியின் நோக்கங்களை அறிதல், புரிதல், பயன்படுத்தல் என்று படிகளாக அடுக்கி ஒரு நூல் போட்டார்கள். 2001-ல் அது திருத்தப்பட்டு, உச்சிப் படியில் படைத்தல் வந்து உட்கார்ந்தது. 1989-ல் சில நாடுகள் சேர்ந்து, ஒரு நாட்டின் என்ஜினீயரிங் பட்டத்தை இன்னொரு நாடு மதிப்பதற்காக வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்றைச் செய்துகொண்டன. நம் நாடு 2014-ல் அதில் முழு உறுப்பினராயிற்று. ஆசிரியர் என்ன நடத்தினார் என்று கேட்காதே, மாணவன் என்ன செய்வான் என்று கேள் என்பதுதான் சாரம். நல்ல கேள்வி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாலம் கட்டுகிறவனிடம் 'நீ எத்தனை மணி நேரம் வகுப்பில் இருந்தாய்' என்று கேட்பதைவிட, 'பாலம் நிற்குமா' என்று கேட்பதுதானே முறை.

பிறகு அதே கேள்வி எல்லாத் துறைகளுக்கும் வந்தது. 1994-ல் பெங்களூரில் தொடங்கிய தேசிய மதிப்பீட்டுக் குழு, அதாவது 'நாக்', தன் ஏழு அளவுகோல்களில் இரண்டாவதன் கீழ், விளைவுகளை எழுதி வைத்திருக்கிறீர்களா, அவை எய்தப்பட்டதை எப்படி மதிப்பிட்டீர்கள் என்று கேட்கத் தொடங்கியது. கேரளத்தில் 2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டப் படிப்பு தொடங்கியபோது ஒவ்வொரு பேப்பருக்கும் விளைவுப் பட்டியல் வந்துவிட்டது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பேப்பருக்கு ஐந்தாறு விளைவு, மொத்தப் படிப்புக்குச் சில விளைவு. இது அதோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று கட்டம் கட்டி 1, 2, 3 என்று எண் போட வேண்டும். பிறகு வினாத்தாளில் எந்தக் கேள்வி எந்த விளைவுக்கு என்று குறிக்க வேண்டும். இத்தனை சதவீதம் மாணவர் இத்தனை மார்க்குக்கு மேல் வாங்கினால் அடைவு மூன்று, குறைந்தால் இரண்டு, இன்னும் குறைந்தால் ஒன்று. கூடவே மாணவரிடம் ஒரு தாள் கொடுத்து 'உனக்குத் திருப்தியா' என்று கேட்டு அதையும் சேர்ப்பார்கள். வகுப்பில் ஆறே பேர் இருக்கிற தமிழ்த்துறையிலும் இதே சதவீதம்தான். ஒரு பையன் காய்ச்சலில் பரீட்சைக்கு வராவிட்டால் துறையின் அடைவு பதினாறு சதவீதம் விழும்! இரவு பன்னிரண்டு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இந்தக் கட்டங்களை நிரப்புகிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர்கள் ஒரு நல்ல கட்டுரையைத் திருத்திக் கொடுத்திருக்கலாம்.

இந்த இடத்தில் என் சொந்தக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எண்பதுகளில் நான் தண்டவாளப் பராமரிப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். ரயில் பாதை வளைகிற இடங்களில் வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வெளித் தண்டவாளத்தின் உள்பக்கமாக இருபது மீட்டர் கயிறு பிடித்து, நடுவில் எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று அளப்போம். வெர்சைன் என்பார்கள். பத்து மீட்டருக்கு ஓர் இடம் என்று வளைவு முழுக்க நடக்க வேண்டும். ஆடி மாதத்துச் சாரல். மூன்று நாளாக விடவில்லை. ரிஜிஸ்டர் அனுப்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. சென்ற முறை அளவை எதிரில் வைத்துக்கொண்டு, இங்கே ஒரு மில்லிமீட்டர் கூட்டி, அங்கே ஒன்று குறைத்து, குவார்ட்டர்ஸில் உட்கார்ந்தபடியே நிரப்பிவிட்டேன்.

மேலே இருந்த இன்ஸ்பெக்டர் பழைய ஆள். ரிஜிஸ்டரை வாங்கி அரை நிமிஷம் பார்த்தார். "தம்பி, இது கயிறு அளந்த அளவு இல்லை. பேனா அளந்த அளவு" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. "நிஜமான வளைவிலே ஒரு இடம் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும். இதிலே ஒரு குறையும் இல்லையே. போய் அளந்துட்டு வா" என்றார். குடையோடு போனேன். ஏழாவது இடத்தில் பாதை நகர்ந்திருந்தது. பெரிய நகர்வு இல்லை. ஆனால் நான் வீட்டில் இருந்து எழுதிய எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்குச் சாயந்திரம் அந்த வளைவில் போன வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

எல்லாப் பேப்பரிலும் 2.8, 2.9, 3 என்று வரிசையாக நிற்கிற அடைவுப் பட்டியலைப் பார்த்தால் எனக்கு அந்த இன்ஸ்பெக்டர் ஞாபகம்தான் வருகிறது. யாரும் பொய் எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. விளைவை எழுதுவதும் அவரே, பாடம் நடத்துவதும் அவரே, உள்மதிப்பீடு போடுவதும் அவரே, எய்திவிட்டது என்று சான்று தருவதும் அவரே என்றால், மனிதன் மழையில் இறங்க மாட்டான். ரயில்வேயில் பாதையைப் பராமரிக்கிறவன் வேறு, பாதையைப் பதிவு செய்கிற வண்டியில் வருகிறவன் வேறு. அந்த வண்டி வருகிறதென்றால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கலக்கத்தான் வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, "இலக்கியத்தை அளக்க முடியாது ஐயா" என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. அதையும் நான் ஏற்கவில்லை. அளந்திருக்கிறார்கள். அதுவும் நம் காலடியிலேயே.

சாலைக் கடைத்தெருவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வலியசாலை. அங்கே இருக்கிற காந்தளூர்ச் சிவன் கோயிலைத்தான், ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வருகிற காந்தளூர்ச் சாலை இருந்த இடம் என்று பலர் கருதுகிறார்கள். அதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. சாலை என்றால் கல்விச்சாலையா, உணவுச்சாலையா என்றுகூடச் சண்டை உண்டு. ஆனால் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவபுரத்தில் நிறுவிய சாலையைப் பற்றிய செப்பேட்டில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. கி.பி. 866. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்குப் பக்கம் உள்ள ஊர் அது. காந்தளூரின் முறையைப் பின்பற்றி, 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, இடம் ஏற்படுத்தினான். யார் வரலாம் என்பதற்கு அந்தச் செப்பேடு சொல்லும் தகுதியைப் பாருங்கள். இலக்கணம் தெரிய வேண்டும், புரோகிதம் தெரிய வேண்டும், மூன்று அரசுகளின் காரியங்களைக் கவனிக்கும் அளவுக்குக் கல்வி இருக்க வேண்டும். மூன்று அரசு என்றால் சேர, சோழ, பாண்டியர். கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டு வரக்கூடாது என்றும் விதி உண்டு. (அந்த விதி எழுத வேண்டி வந்தது என்றால் அன்றைய மாணவர்களும் சாதாரணப் பேர்வழிகள் அல்ல!) மூன்று நாட்டு ராஜாங்க காரியத்தைப் பார்க்கத் தெரிந்தவன் என்பது எவ்வளவு துல்லியமான விளைவு! அதற்கு 1, 2, 3 என்று கட்டம் வேண்டியதில்லை. கையில் ஓர் ஓலையைக் கொடுத்து இதற்குப் பதில் எழுது என்றால் தீர்ந்தது. அந்தச் சாலையில் வேதக் கிளை பார்த்தே இடம் ஒதுக்கினார்கள், எல்லாருக்கும் கதவு திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இதே அளவுகோலை நம் ஊரில் தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு வைத்துப் பார்ப்போம். கேரளப் பல்கலைக் கழகத்தின் தமிழ்த்துறை சாதாரணமான துறையில்லை. திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகமாக இருந்த காலத்தில் வள்ளல் அழகப்பச் செட்டியார் இங்கே தமிழுக்காகப் பொருள் கொடுத்தார். சென்னைப் பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்த வையாபுரிப் பிள்ளை 1951 முதல் 1954 வரை இங்கே பேராசிரியராக இருந்தார். அவர் சட்டம் படித்து வக்கீலாக இருந்தவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வ.அய். சுப்பிரமணியம். 1962-ல் வெளிவந்த அவருடைய புறநானூற்றுச் சொல்லடைவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு நூலின் ஒரு சொல்லையும் விடாமல் எடுத்து இலக்கணக் குறிப்போடு அடுக்குவது என்றால் என்ன உழைப்பு என்று. எங்கள் பாஷையில் சொன்னால், ஸ்லீப்பர் ஸ்லீப்பராக நடந்து பார்த்த வேலை. பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தரானதும் அவர்தான். கேரளப் பல்கலைக் கழகம் 2022-ல் 'நாக்' மதிப்பீட்டில் 3.67 வாங்கி ஏ பிளஸ் பிளஸ் தரம் பெற்றபோது இந்த ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த எண் முழுப் பல்கலைக் கழகத்துக்குமானது. கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ் படிக்கிற பிள்ளைக்குத் தனியாக என்ன விளைவு வேண்டும் என்பதை எந்த மதிப்பீட்டுக் குழுவும் வந்து சொல்லித் தராது. நாம்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தோன்றுவது இதுதான். கிழக்கே கோட்டையைத் தாண்டிப் போனால் சென்ட்ரல் ஆர்க்கைவ்ஸ். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள், ஓலை ஓலையாக, அங்கேதான் இருக்கின்றன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, பழந்தமிழ் எல்லாம் கலந்து கிடக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்தார்கள். காரியவட்டத்தில் தமிழ்த்துறை இருக்கிற அதே வளாகத்தில் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது. தமிழும் மலையாளமும் சேர்ந்து தெரிந்த பிள்ளை தவிர வேறு யார் இந்த ஏடுகளுக்குச் சரியான ஆள்? மதுரையிலும் சென்னையிலும் தமிழ் படிக்கிறவர்களுக்கு இல்லாத வாய்ப்பு இது.

இன்னொன்று. 1969-ம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் பெறலாம். சட்டம் இருக்கிறது. பதிலை எழுத ஆள் வேண்டாமா? ஒரு மலையாள அரசாணையைக் கையில் கொடுத்து, இடுக்கியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற அம்மாவுக்கு விளங்கும்படி ஒரு மணி நேரத்தில் நல்ல தமிழில் எழுதித் தா என்று எம்.ஏ. மாணவரைக் கேட்கலாம். இரண்டு அரசுக் காரியம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தமிழில் இந்த மாதிரி மதிப்பீட்டுக்குப் பெரிய உதாரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அந்த ஊர்க் காலேஜில் தமிழாசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பெரிய பட்டியல் சொன்னார். இன்றைக்கானால் அடைவு மூன்று போட்டு அனுப்பியிருப்பார்கள். முதலியாருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஏடு பார்த்ததேயில்லை என்று ஐயர் உள்ளதைச் சொன்னார். அந்தத் தெரியாது என்ற பதிலிலிருந்துதான் 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. முதலியார் கேட்டது எந்தப் பாடத்திட்டத்துக்காகவும் கேட்ட கேள்வி இல்லை. கேட்டவருக்கு அந்த ஊர்க் காலேஜோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால்தான் அது பரீட்சை.

இப்போதோ தமிழ் விரிவுரையாளர் தகுதிக்கான 'நெட்' தேர்வே முழுக்கச் சரியான விடையைக் குறிக்கும் பரீட்சை. 2012 ஜூனுக்கு முன்பு மூன்றாவது தாளிலாவது கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதுவும் போய்விட்டது. ஒரு வாக்கியம்கூட எழுதாமலே தமிழில் அந்தத் தேர்வைத் தாண்டிவிடலாம். எந்த நூலை யார் எழுதினார், எது முன், எது பின் என்று கேட்டால் என் பேரன்கூட மனப்பாடம் செய்துவிடுவான்.

விளைவு எழுதும்போது 'உணர்வர்', 'சுவைப்பர்' போன்ற சொற்களைப் போடக்கூடாதாம், அளக்க முடியாதாம். பட்டியலிடுவர், விளக்குவர், ஒப்பிடுவர் என்றுதான் எழுத வேண்டுமாம். அதே புளூம் கூட்டத்தார் 1964-ல் மனப்பாங்கு, ஈடுபாடு பற்றியே தனியாக இரண்டாவது நூல் போட்டார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. பாடத்துக்கு வெளியே ஒரு புத்தகத்தைத் தேடிப் படித்தானா என்பது ஈடுபாட்டுக்கு அளவு இல்லையா? இந்தச் சாலைத் தெருவிலேயே கடை வைத்துக்கொண்டு கடைத்தெருக் கதைகள் எழுதினாரே ஆ. மாதவன், மலையாளத்திலிருந்து 'இனி நான் உறங்கட்டும்' நாவலைத் தமிழுக்குக் கொண்டு வந்தாரே, 2015-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினாரே, அவரை எந்தத் துறையின் அடைவில் சேர்ப்பது? நீல. பத்மநாபன் என்ஜினீயர். துறைகள் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. துறைக்கு வெளியே இப்படி நடந்திருக்கும்போது துறைக்குள்ளே எதிர்பார்ப்பை இவ்வளவு தாழ்த்தி வைப்பானேன் என்றுதான் கேட்கிறேன்.

என்னைக் கேட்டால், ஒவ்வொரு பேப்பருக்கும் ஆறு விளைவு வேண்டாம். மொத்தப் படிப்புக்கும் மூன்று நான்கு போதும். வெளியிலிருந்து ஒருவர் வரட்டும். பேராசிரியராகவே இருக்க வேண்டுமென்பதில்லை. ஆர்க்கைவ்ஸ் அதிகாரி, பத்திரிகைக்காரர், மொழிபெயர்ப்பாளர் யாராயினும் சரி. மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு பாட்டையும், ஒரு ஏட்டையும், ஒரு மலையாளப் பக்கத்தையும் வைத்து அரை நாள் உட்காரட்டும். எது வரவில்லை என்பதை முதலில் எழுதட்டும். வந்ததைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். குறை எழுதிய துறைக்கு மார்க் குறையும் என்ற பயத்தை மதிப்பீட்டுக் குழுதான் போக்க வேண்டும். அவர்கள் அதைச் செய்யாதவரை எல்லா ரிஜிஸ்டரும் அழகாகவே இருக்கும்.

தண்டவாளத்தைப் பற்றவைக்கும்போது, நூறு பற்றுக்கு ஒன்று எடுத்து, சோதனைச் சாலையில் பாரம் ஏற்றி உடைத்தே பார்ப்போம். பிள்ளைகளை உடைக்க முடியாது, சரி. ஆனால் ஒவ்வொரு பற்றுக்குப் பக்கத்திலும் எந்த மாதம், எந்த வருஷம், பற்றவைத்தவனின் எண் என்ன என்று குறித்து வைப்போம். பல வருஷம் கழித்து அது விட்டுப்போனாலும் யார் கை என்று தெரியும். படித்து வெளியே போன பிள்ளை ஐந்து வருஷம் கழித்து என்ன படிக்கிறாள், என்ன எழுதுகிறாள் என்று ஆறு பேரைத் தேடிப் பிடித்துக் கேட்பது பெரிய காரியமா? ஆறு பேர்தானே!

அண்ணாச்சி மகள் விஷயத்துக்கு வருகிறேன். நான் அன்றைக்குத் திரும்பும்போது கடையில் ஒரு தாளில் தமிழ் இலக்கங்களை ஒன்று முதல் ஆயிரம் வரை அவள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்ற வாரம் போனேன். பேரேட்டில் ஒன்றரைப் பக்கம் வாசித்திருக்கிறாள். அண்ணாச்சியின் பூட்டனார் ஒரு வைகாசி மாதத்தில் நல்லமிளகு, சுக்கு, வெற்றிலை விற்ற கணக்கு. ஒரு வரியில் கூட்டல் தவறு இருப்பதாகச் சொன்னாள். அரைச் சக்கரம் உதைக்கிறதாம். பூட்டனார் தவறா, தான் காணிக் குறியை மாற்றி வாசித்துவிட்டோமா என்று தெரியவில்லையாம். இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடி கூட்டினோம். கடை அடைக்கும் நேரம் வரை பார்த்தும் எங்களுக்குப் பிடிபடவில்லை. சனிக்கிழமை ஏட்டை எடுத்துக்கொண்டு ஆர்க்கைவ்ஸில் யாரையாவது கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.